கூட்டை உடைத்துக் குடித்த மருந்து

எலியைப் பிடிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. கழுத்துத் தோலையும் முதுகுத் தோலையும் சேர்த்து இடது கையால் இறுக்கிப் பிடித்தால் அதனால் தலையைத் திருப்பிக் கடிக்க முடியாது. வலது கையால் பின்னங்காலை நீட்டிக் கொடுக்க வேண்டும். ஆய்வு செய்கிற மிஸ் அந்தப் பாதத்தில் ஊசி போடுவார். சில நாட்களில் பாதம் வீங்கிச் சிவந்துவிடும். எலி அந்தக் காலை நிலத்தில் ஊன்றாமல் மூன்று காலில் நடக்கும். மனிதருக்கு வருகிற மூட்டு வாதத்தை எலிக்கு வரவைக்கிற வழி அது.

மலைநாட்டு நகரம் ஒன்றில் இருந்த ஆய்வுகூடத்தில் எனக்கு அந்த வேலை. கூட்டித் துடைக்கத்தான் என்னைச் சேர்த்தார்கள். எலி பிடிக்க மற்றவர்கள் அருவருத்ததால் அதுவும் என் கைக்கு வந்தது. அதற்கு முன் கத்தாரில் கொங்கிறீட் சுமந்தேன். பிறகு மீன் லொறியில் ஐஸ் அடித்தேன், பொலன்னறுவையில் அரிசி ஆலையில் உமி வாரினேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவனுக்குக் கிடைக்கிற வேலைகள் அவை. எந்த இடத்திலும் நான் இரண்டு வருடம் தங்கியதில்லை. செய்த ஒரு கலியாணமும் இரண்டு வருடத்தைத் தாண்டவில்லை.

மிஸ் சோதித்துக்கொண்டிருந்தது முடக்கொத்தானை. எங்கள் பக்கத்தில் வேலியெல்லாம் படர்கிற கொடிதான். பச்சைப் பலூன் மாதிரிக் காய், உள்ளே கறுப்பு விதை, விதையில் வெள்ளைப் பொட்டு. இலையை நிழலில் காயவைத்து, அரைத்து, மதுசாரத்தில் ஊறவைத்து, வடித்து, மதுசாரத்தை ஒரு இயந்திரத்தில் ஆவியாக்கிவிடுவார்கள். மிஞ்சுவது கரும்பச்சையான ஒரு பசை. நான் விரல் நுனியில் தொட்டு நக்கிப் பார்த்திருக்கிறேன். நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும் கைப்பு. தேத்தண்ணி குடித்தாலும் போகாது.

அந்தப் பசையைத் தண்ணீரில் கரைத்து, வளைந்த குழாய் ஊசியால் எலியின் தொண்டைக்குள் இறக்குவோம். ஒரு கூட்டத்து எலிகளுக்கு மருந்து, இன்னொரு கூட்டத்துக்கு வெறும் தண்ணீர். மருந்து குடித்த எலிகளின் பாதம் வற்றியது. நான் கண்ணால் கண்டேன். மூன்று காலில் நடந்தது நான்கு காலில் ஓடியது. மிஸ் சிரித்த முகத்தோடு எழுதிக்கொண்டார். எல்லாம் முடிந்த பிறகு, மூட்டை வெட்டிப் பார்ப்பதற்காக வற்றிய எலி, வற்றாத எலி எல்லாவற்றையும் கொன்றார்கள். மிச்சத்தை மஞ்சள் பையில் கட்டி எரிக்கிற இடத்துக்குக் கொண்டுபோனவன் நான்தான்.

எலிகளுக்குப் பிறகு மனிதருக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். “உங்கட ஊரில முழங்கால் நோக்காடு உள்ள ஆக்கள் இருக்காங்களா?” என்று மிஸ் ஒருநாள் சிங்களத்தில் கேட்டார்.

“மிஸ், எங்கட ஊரில அது இல்லாத பொம்புளைய நான் இன்னும் காணல்ல,” என்றேன்.

அப்படித்தான் கல்முனைக்குத் திரும்பி வந்தேன். இம்முறை சட்டைப் பையில் பேனையும் கழுத்தில் அடையாள அட்டையும் இருந்தன. மிஸ்ஸுக்குத் தமிழ் சில சொற்கள்தான் வரும். அதனால் வீடுவீடாகப் போய் விளங்கப்படுத்துவது, போத்தல் கொடுப்பது, பதினைந்து நாளைக்கு ஒருமுறை போய்க் கேட்டு எழுதுவது எல்லாம் என் வேலை. மிச்ச நேரத்தில் நற்பிட்டிமுனைப் பக்கமும் மாவடிப்பள்ளி வயல்வட்டை ஓரங்களிலும் கொடி அறுத்து மூடையில் கட்டி அனுப்புவேன்.

தங்கியது ராத்தாவின், என் அக்காவின், வீட்டில். எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் முறிந்த ஆண்பிள்ளைக்கு ராத்தாவின் வீட்டை விட்டால் பாய் போட வேறு இடமில்லை. மச்சானையும் ஒரேயொரு பிள்ளையையும் சுனாமியில் கடல் கொண்டுபோன பிறகு ராத்தாவுக்குக் கொடுத்தது, மாடி வீட்டுத் திட்டத்தில் இரண்டாம் மாடியில் இரண்டு அறை. கீழே இருந்து மேலே வரை எல்லா வீட்டுக்கும் ஒரே படிக்கட்டு. கீழ்வீட்டில் பொரிக்கிற மீன் மேல்வீட்டில் மணக்கும்.

ராத்தா இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துச் சீவித்தார். கொதிதண்ணீர் விட்டுக் குழைத்த மாவை இடியப்ப உரலில் அடைத்து, இரண்டு கைப்பிடியையும் மணிக்கட்டால் அமர்த்தித் தட்டில் சுற்றிப் பிழிய வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு. ராத்தாவுக்கு இருந்தது முழங்கால் தேய்மானம் இல்லை, கைவாதம். விரல் மொளிகள் எல்லாம் வெள்ளைப்பூண்டுபோல வீங்கியிருக்கும். சுபஹுத் தொழுகைக்கு எழும்பும்போது கை மூடியபடியே இருக்கும், விரியாது. சூடான மாவுக்குள் கையை வைத்து வைத்துத்தான் விரலை விரிப்பார். “இந்த மா எனக்கு ஒத்தடமும்தான், சோறும்தான்,” என்று சொல்லுவார்.

கிளினிக்கில் அவருக்குக் குளிசை கொடுத்திருந்தார்கள். கிழமையில் ஒருநாள் மட்டும், வெள்ளிக்கிழமை, ஆறு குளிசை. சனிக்கிழமை முழுக்கக் குமட்டல், ஓங்காளம். தலைமுடி சீப்போடு வந்தது. மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் குத்தி எடுத்தார்கள். ஆனால் அந்தக் குளிசையில்தான் அவருடைய கை ஓடிக்கொண்டிருந்தது. நான் வந்த முதல் மாதம் கிளினிக்குக்குக் கூடப் போனேன். டொக்டர் பிரஷர் பார்க்கிற பையைச் சுருட்டி ராத்தாவின் கையில் கொடுத்து நசுக்கச் சொன்னார். முள் பாதிக்குமேல் ஏறியது. “நல்லம், விடாமப் போடுங்க,” என்றார் டொக்டர்.

வெளியே வந்ததும் ராத்தா சொன்னார்: “விடாமப் போடுங்கவாம். ஓங்காளிக்கிறது அவரில்லையே.”

எலியின் பாதம் வற்றின கதையை நான்தான் அவரிடம் சொன்னேன். எத்தனை தரம் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. வேலை கிடைத்த பெருமையில் சொல்லியிருப்பேன். அவர் மாவைக் குழைத்தபடி கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருநாள் நிமிர்ந்து பார்த்தார்.

“அந்த எலிக்கு ஓங்காளிச்சதா?”

“இல்ல ராத்தா. நல்லாத் திண்டது.”

“மயிர் கொட்டினதா?”

“இல்ல.”

“அப்ப என்னையும் எழுது.”

மிஸ் ஆரம்பத்திலேயே எனக்குத் தெளிவாகச் சொல்லியிருந்தார். முழங்கால் தேய்மானக்காரர் மட்டும். கிளினிக்கில் வாதக் குளிசை எடுப்பவர்களைச் சேர்க்க வேண்டாம், அது வேறு நோய், அந்தக் குளிசையை நிறுத்தக் கூடாது. நான் தலையாட்டியிருந்தேன். எனக்கு விளங்காமல் இல்லை. ஆனாலும் படிவத்தில் “வேறு குளிசை எடுக்கிறாரா” என்ற கேள்விக்கு நேரே “இல்லை” என்று என் கையாலேயே எழுதினேன். சேர்பவர்களைச் சோதிக்க ஊர் மண்டபத்துக்கு வந்த வேறொரு டொக்டர் முழங்காலை மட்டும்தான் பார்த்தார். ராத்தாவுக்கு முழங்காலிலும் கொஞ்சம் நோவு இருந்தது. கையை அபாயாக் கைக்குள்ளேயே வைத்திருந்தார். டொக்டர் கேட்ட எல்லாவற்றுக்கும் “ஓம்” என்றார்.

அந்த வெள்ளிக்கிழமையில் இருந்து அவர் கிளினிக் குளிசையை விட்டார். பழைய பிஸ்கட் தகரம் ஒன்றில் போட்டு மூடிவைத்தார். எனக்கு அது தெரியும்.

எங்கள் படிக்கட்டில் மட்டும் பதினொரு பெண்கள் சேர்ந்தார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி வெள்ளைப் போத்தல், ஒரே மாதிரிக் கூடு போட்ட குளிசை. போத்தலின் மேல் இலக்கம் மட்டும் இருக்கும். பாதிப் பேருக்கு முடக்கொத்தான், பாதிப் பேருக்கு வெறும் அரிசி மா. எந்த இலக்கம் எது என்ற பட்டியல் வேறொருவரிடம் பூட்டிக் கிடந்தது. மிஸ்ஸுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பாதிப் பேருக்கு மருந்தில்லாததுதான் போகும் என்று எல்லாருக்கும் சொல்லித்தான் ஒப்பம் வாங்கினேன். எது யாருக்கு என்று மட்டும் தெரியக் கூடாது. “தெரிஞ்சா எல்லாம் போச்சு,” என்று மிஸ் தமிழிலேயே சொல்லியிருந்தார், எனக்கு நன்றாக மனதில் பதிய வேண்டும் என்று.

கீழ்வீட்டில் ஒரு மச்சி இருந்தாள். எனக்கு உறவில் மச்சி. நல்ல உடம்பு. படியில் கால் வைக்கும்போதே அல்லாஹ்வைக் கூப்பிடுவாள். வாயும் அதே அளவுக்குப் பெரிது. போத்தலைக் கொடுத்த அன்று ஒரு குளிசையை வெளிச்சத்தில் பிடித்து உருட்டிப் பார்த்தாள்.

“மச்சான், இந்தக் கூடு எதால செஞ்ச?”

“எனக்கென்ன தெரியும்.”

“கழுத்தில அட்டையக் கட்டிட்டுத் திரியிறாய், தெரியாண்றாய். இது தோலு, எலும்பு அவிச்சுச் செய்யிறயாம். மாடா, மத்ததா?”

“மத்ததெண்டா?”

“அதான்டா, நான் வாயால சொல்லாத சாமான்.”

படிக்கட்டில் இன்னும் மூன்று பேர் நின்றார்கள். எல்லாரும் போத்தலைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். தொலைபேசி என் பையில் இருந்தது. மிஸ்ஸைக் கேட்டிருக்கலாம். ஒரு நிமிட வேலை. ஆனால் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது தெரியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மதுசாரத்தில் ஊறவைத்த கதை வேறு நெஞ்சுக்குள் கிடந்தது. அதை யாரும் கேட்க முன் பேச்சை முடிக்க வேண்டும் என்று நினைத்தேன்.

“சந்தேகமெண்டா கூட்டை உடைச்சு எறிஞ்சிருங்க. மருந்து உள்ளுக்குத்தானே. தூளைத் தேனில குழைச்சு நக்குங்க,” என்றேன்.

“பாத்தயளா, எட்டாம் வகுப்பெண்டாலும் புத்தி இரிக்கி,” என்றாள் மச்சி. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல பதில் சொன்னதாகவே நினைத்தேன்.

அடுத்த முறை போனபோது வீட்டுக்கு வீடு குசினியில் ஒரு பீங்கான் கோப்பையில் வெறும் கூடுகள் கிடந்தன, இறால் கோது மாதிரி. முதல் வீட்டிலேயே எனக்கு விளங்கிவிட்டது. மச்சி கதவிலேயே பிடித்துக்கொண்டாள்.

“எனக்குக் கைப்பு விழுந்திரிக்கி மச்சான். வேம்புக்கு மாமன்ட மகள். மூண்டாம் மாடியாளுக்கு மா. தேனுக்குள்ள மாவப் போட்டு நக்கிட்டு, நல்ல சுகமாம் எண்டு சொல்றாள், பாவம்.”

“யார் யாருக்குக் கைப்பு?”

விரல் விட்டு எண்ணிச் சொன்னாள். கைப்பு ஆறு பேர், மா ஐந்து பேர். மலைநாட்டில் பூட்டிவைத்த பட்டியல் எங்கள் படிக்கட்டில் எல்லாருக்கும் பாடம்.

“ராத்தாக்கு?”

மச்சி சிரிப்பை நிறுத்தினாள். “நீ அவட்டயே கேளு.”

ராத்தா கேட்க விடவில்லை. நான் உள்ளே போனதும் ஒரு கூட்டைப் பல்லால் கடித்து உடைத்து, தூளை என் உள்ளங்கையில் கொட்டினார். தன் வீங்கின விரலால் அதை நசுக்கிக் காட்டினார்.

“பச்சரிசி மா. வறுக்காத மா. எனக்கிட்டயா இதக் கொண்டுவாறாய்? நான் இதுக்குள்ளதானே கிடக்கிறன்.”

“அது நான் பாத்துக் குடுக்கிறதில்ல ராத்தா. இலக்கத்துக்கு வாறது.”

“எனக்குத் தெரியும். உன்னில பிழையில்ல.”

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒன்றுதான். பிஸ்கட் தகரத்தைத் திறவுங்க, வெள்ளிக்கிழமைக் குளிசையைப் போடுங்க. நான் சொல்லவில்லை. மிஸ்ஸுக்கும் சொல்லவில்லை. சொன்னால் கூட்டை உடைக்கச் சொன்னவன் யார் என்ற கேள்வி வரும், படிவத்தில் “இல்லை” என்று எழுதியவன் யார் என்ற கேள்வியும் வரும்.

இரண்டு நாள் கழித்து ஒரு பழைய ஜாம் போத்தல் மேலே ஏறி வந்தது. அதற்குள் கரும்பச்சைத் தூள் கால்வாசி. கைப்பு விழுந்த பெண்கள் தங்கள் பங்கில் இருந்து ராத்தாவுக்குக் கொட்டியிருந்தார்கள். எங்கள் படிக்கட்டில் அது புதுப் பழக்கமில்லை. குர்பான் இறைச்சி அப்படித்தான் பங்காகும், நோன்புக் கஞ்சி அப்படித்தான் பங்காகும். ஒருத்திக்கு இருந்து பக்கத்தில் இருப்பவளுக்கு இல்லை என்றால் அது தொண்டையில் இறங்காது. கால் நோகிறவள் கொடுத்தாள், ஏனென்றால் கை கோணியவள் ராத்தா மட்டும்தான். பிறகு கிழமைக்கு ஒருமுறை அந்தப் போத்தல் ராத்தாவின் மாவோடு கீழே போய், கைப்போடு மேலே வந்தது.

நானே ஒரு கரண்டித் தூளைத் தேனில் குழைத்து ராத்தாவின் வாயில் வைத்தேன். முகத்தைச் சுளித்து விழுங்கினார்.

“இதுதான் அந்த எலி குடிச்சதா?”

“ஓம்.”

“எலி பாவம்டா,” என்றார்.

பதினைந்து நாளைக்கு ஒருமுறை நோவு எவ்வளவு என்று பூச்சியத்தில் இருந்து பத்துக்குள் ஒரு இலக்கம் கேட்டு எழுத வேண்டும். ராத்தா முதலில் எட்டு என்றார். பிறகு ஏழு. அடுத்த முறை நான் பேனையைத் திறந்ததும், “அஞ்சு போடு,” என்றார்.

“மெய்யாவா?”

“குறைஞ்சிரிக்கி எண்டுதானே சொல்றன். எழுது.”

அவர் அதைச் சொல்லும்போது தண்ணீர்ப் பைப்பைப் பூட்ட முடியாமல் இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். பைப் சொட்டிக்கொண்டே இருந்தது. நான் அஞ்சு என்று எழுதிவிட்டு எழும்பிப் போய் அதைப் பூட்டினேன்.

“மருந்து நல்லமெண்டு வந்தா, இந்த வேலைய உனக்கு நீட்டித் தருவாங்கதானே?” என்று பின்னால் இருந்து கேட்டார்.

“தரலாம்.”

“அப்ப இஞ்சயே இரிப்பாய்.”

“இரிப்பன்.”

“அப்ப நாலு எண்டு மாத்து.”

நான் மாற்றவில்லை. ஆனால் அஞ்சை அழிக்கவும் இல்லை. எதற்காக அவர் இலக்கத்தைக் குறைத்துச் சொல்கிறார் என்று அன்றே தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டும் அடுத்த இரண்டு முறையும் அவர் சொன்னதைத்தான் எழுதினேன்.

இடியப்பம்தான் முதலில் காட்டிக்கொடுத்தது. நூல் தடித்து, துண்டு துண்டாக விழத் தொடங்கியது. கடைக்காரர் ஒருவர், “ராத்தா மா மாத்தியிரிக்காவா?” என்று என்னைக் கேட்டார். மா மாறவில்லை. மணிக்கட்டால் அமர்த்த முடியாமல் முழங்கையை உரலின் மேல் வைத்து உடம்புப் பாரத்தால் பிழிந்துகொண்டிருந்தார். முந்நூறு இருநூறானது. இருநூறு நூறானது. ஜாம் போத்தல் மட்டும் நிறைந்து வந்துகொண்டிருந்தது. இரண்டு கரண்டி, பிறகு மூன்று கரண்டி. கூட்டிக் குடித்தால் கூடக் கேட்கும் என்று நினைத்தோம். எலிகளுக்கு நிறை பார்த்து அளந்து கொடுத்தவன் நான்.

ஒருநாள் காலையில் அடுப்பில் தண்ணீர் கொதித்து வற்றிக்கொண்டிருந்தது. ராத்தா பலகையில் இருந்தார். உரல் மடியில் சரிந்து கிடந்தது. பாதிப் பிழிந்த மா அதன் வாயில் தொங்கிக் காய்ந்துவிட்டது. இரண்டு கையும் விரல்கள் மேலே பார்த்தபடி, யாரோ ஏதோ கொடுப்பதற்காக நீட்டிவைத்த மாதிரி இருந்தன. தொட்டேன், கொதித்தது.

“விரியுதுமில்ல, மூடுதுமில்ல தம்பி,” என்றார். “எனக்கிட்ட இலக்கம் கேட்காத இண்டைக்கு.”

பிஸ்கட் தகரத்தைத் திறந்தேன். வெள்ளிக்கிழமைக் குளிசைத் தகடுகள் ஒன்றுகூட உடைக்காமல் அடுக்கியபடி இருந்தன. கிளினிக் துண்டுக்குக் கீழே, எனக்குத் தெரியாமல் போய் வாங்கிவந்த பிந்திய மாதங்களின் குளிசையும் இருந்தது. போகாவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள் என்று பயந்து, டொக்டரிடம் கையைக் காட்டாமல் மருந்து கொடுக்கிற இடத்தில் மட்டும் வாங்கிவந்து தகரத்தில் போட்டிருக்கிறார்.

அன்றே ராத்தாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் பழையவர்தான். அவருக்கு ராத்தாவின் கையைக் கண்டதுமே முகம் மாறிவிட்டது.

“குளிசை போடுறீங்களா?”

ராத்தா என்னைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். நாலு மாதமாகப் போடவில்லை என்று.

“ஆர் நிப்பாட்டச் சொன்ன?”

அதற்கு நான் வாய் திறக்க முன் ராத்தா சொன்னார்: “நான்தான் டொக்டர். ஓங்காளம் தாங்கேலாம.”

டொக்டர் கையைப் படம் பிடித்துப் பார்த்தார். படத்தை வெளிச்சத்தில் பிடித்து மொளிகளைப் பேனையால் தொட்டுக் காட்டினார். ஓரங்கள் கரையான் தின்ற பலகை மாதிரி இருந்தன. குளிசையைத் திரும்பத் தொடங்கினால் வீக்கமும் நோவும் குறையும், கரைந்த எலும்பு திரும்ப வராது, கோணிய விரல் நிமிராது என்றார். பிறகு அந்தப் பிரஷர்ப் பையைச் சுருட்டி அவர் கையில் வைத்தார்.

“நசுக்குங்க.”

ராத்தா பல்லைக் கடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. முள் அசையவில்லை.

“நசுக்குங்க, அம்மா.”

“நசுக்கிறன்தானே,” என்றார் ராத்தா. பிறகு முள்ளைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி மெல்லச் சொன்னார்: “இந்தப் பை காத்துப் போகுதாக்கும்.”

அடுத்த நாள் மிஸ்ஸுக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். “இல்லை” என்று எழுதியதில் இருந்து ஜாம் போத்தல் வரை. மூன்றாம் நாள் பஸ்ஸில் வந்து இறங்கினார். ராத்தாவின் முன்னால் கதிரையில் இருந்து, அவருடைய கையைத் தன் மடியில் வைத்துப் பார்த்தார். எலியின் பாதத்தைப் பார்ப்பதுபோல ஒவ்வொரு மொளியாகத் தொட்டார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

படிக்கட்டில் வைத்து என்னிடம் சிங்களத்தில் கேட்டார்: “கூடு பற்றி ஏன் என்னைக் கேட்கவில்லை?”

“தெரியாண்டு சொல்ல வெக்கமா இருந்தது மிஸ்.”

“அது கடல்பாசியில் செய்த கூடு. உங்கள் ஆட்கள் சாப்பிட வேண்டும் என்றுதான் தேடி வாங்கினேன். விலை கூட. விளக்கக் கடதாசியில் அதைப் போட மறந்துவிட்டேன்.”

அவர் என்னை ஏசவில்லை. எங்கள் படிக்கட்டுப் படிவங்கள் பதினொன்றிலும் குறுக்கே கோடு போட்டார். மற்ற இடங்களில் நான் எழுதியவற்றையும் இனி நம்ப முடியாது என்றார். மருந்து கேட்குமா கேட்காதா என்று எங்கள் ஊரில் இருந்து ஒரு சொல்லும் அவருக்குக் கிடைக்கவில்லை. என் அடையாள அட்டையை நானே கழற்றிக் கொடுத்தேன்.

மிஸ் போன பிறகு கீழ்வீட்டு மச்சி என்னைக் கூப்பிட்டாள். சமையல் கையைத் துடைத்துக்கொண்டு கதவில் நின்றாள்.

“மச்சான், ஒண்டு சொல்லணும். மிஸ்ஸிட்டச் சொல்ல எனக்கு ஏலாமப் போயிற்று. என்ட கைப்பு முழுக்க நான் ராத்தாக்குத்தான் குடுத்த. நான் குடிச்சது அவட மாவை.”

“சரி, இப்ப என்ன?”

“என்ட முழங்கால் நல்லம்டா. மெய்யாத்தான். படியேறி மூண்டாம் மாடிக்குப் போய்ட்டு வந்த நேத்து.” அவள் சிரிக்கவில்லை. “இத ராத்தாக்குச் சொல்லிராத.”

நான் சொல்லவில்லை. ஆனால் ராத்தாவுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். படிக்கட்டில் ஒரு கதை இரண்டு நாளைக்குமேல் ஒரு வீட்டில் தங்காது.

இப்போது இடியப்பம் பிழிவது நான். நாளைக்கு நூற்றைம்பதுக்குமேல் என் கைக்கு வரவில்லை. ராத்தா பலகையில் பக்கத்தில் இருந்து பார்ப்பார். கொதிதண்ணீர் காணாது என்பார், மாவை ஆறவிடாதே என்பார். நேற்றும், “நேரா அமத்துடா, எலியப் பிடிக்கிற மாதிரிப் பிடிக்காத,” என்றார். வீக்கம் வற்றியிருக்கிறது. சுபஹுக்கு எழும்பும்போது முன்னைப்போல அனுங்குவதில்லை. விரல்கள் மட்டும் சுண்டு விரல் பக்கமாகச் சாய்ந்து அப்படியே நின்றுவிட்டன. அபாயாப் பொத்தானை நான்தான் பூட்டிவிடுகிறேன்.

நான் வந்து இரண்டு வருடம் தாண்டிவிட்டது.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போக முன் ஆறு குளிசையையும் தகட்டில் இருந்து உடைத்து எடுப்பேன். முதலில் அவர் உள்ளங்கையில்தான் வைத்தேன். கை குவியாததால் குளிசை விரல் இடுக்கால் உருண்டு விழுந்தது. ஒன்று அடுப்புச் சாம்பலுக்குள் போனது, தேடி எடுத்தோம். இப்போது ஒவ்வொன்றாக நேரே நாக்கில் வைக்கிறேன். வாயைத் திறந்தபடி அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், ஆறும் முடியும் வரை.